பெயிண்ட் ஒட்டாத இடம்

பால் பொங்கி வரும் நேரத்தில் பின்பக்க ஷெட்டிலிருந்து கணவன் கூப்பிட்டான். அவன் அப்படிக் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

ஷெட்டில் இரண்டு மரக்கட்டைகளின் மேல் அந்தப் பழைய ஃபைபர் பாய்மரப் படகு கவிழ்ந்து கிடந்தது. முந்தின நாள் வேலையிலிருந்து வந்த கையோடு அவன் ரோலரால் உருட்டிய நீலப் பெயிண்ட் காய்ந்திருந்தது. அடிப்பக்கம் முழுக்க வழவழவென்று நீலம். ஓர் இடத்தில் மட்டும் பெயிண்ட் ஒட்டாமல் சுற்றிலும் விலகிப் போயிருந்தது. விலகிய இடம் ஒரு கையின் வடிவத்தில் இருந்தது. ஐந்து விரலும் தெரிந்தன.

"போன தடவையும் இதே இடம். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி அடிச்சேன்... திரும்பவும் வந்திருக்கு பாரு," என்றான். குரல் அவன் குரலாகவே இல்லை.

அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. அவன் அப்பா கடைசியாகப் போனது இந்தப் படகில்தான். திடீர்க் காற்றில் படகு கவிழ்ந்தபோது அவன் கரையில் நின்றிருந்தான். படகின் அடிப்பக்கத்தைப் பற்றியிருந்த அப்பாவின் கையையும், அது மெல்ல வழுக்கித் தண்ணீருக்குள் போனதையும் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அவன் பிறகு அழுதுகொண்டே காட்டிய அந்த இடம் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்; இப்போது பெயிண்ட் விலகியதும் அதே இடத்தில்தான். மகள் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடம் பிடித்ததால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இதைத் தொட்டிருந்தான்.

அவளுக்கோ தண்ணீர் என்றாலே குலைநடுக்கம். பிள்ளையை இதில் ஏற்ற வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தாள். இப்போது அதுவே வினையாக வந்தது. அவன் கொஞ்சம் தண்ணீரை அள்ளி அந்த இடத்தில் தெளித்தான். எண்ணெய்ப் பசையின் மேல் விழுந்ததுபோல் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நின்றது. பேய்க்கு எண்ணெய் ஏது? பயம் கோபமாக மாற அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"எண்ணெய்க் கை. யாரோ வேணும்னே வெச்சிருக்காங்க. சாவி உன் அடுப்படியிலதானே தொங்குது?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படகையே பார்த்தாள்.

"பாப்பா மேல சத்தியமா நான் இல்லைன்னு சொல்லு. விட்டுடறேன்."

சொல்லியிருக்கலாம், உண்மையும் அதுதான். ஆனால் அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவர்கள் இருவரை விட்டால் பெரியவள் என்று மாமியார் மட்டும்தான்.

மாமனார் போன புதிதில் மாமியார் சோறு தண்ணி இல்லாமல் இந்தப் படகின் மேலேயே சாய்ந்து கிடந்து, ஒருநாள் மயங்கி விழுந்துவிட்டாள். இனி இங்கே பார்த்தால் படகை ரம்பம் போட்டு அறுத்துவிடுவேன் என்று சொல்லி மகன் ஷெட்டைப் பூட்டினான். அன்றிலிருந்து படகின் பேச்சை எடுத்தாலே மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் விடியுமுன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்த கையோடு சாவியை எடுத்துப்போய், விளக்குகூடப் போடாமல், அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கணவரிடம் பேசுவாள். ஒருநாள் அதைப் பார்த்துவிட்ட மருமகள் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டாள். பிசுபிசுத்த சாவியைத் துடைத்து ஆணியில் மாட்டுவது அதன் பிறகு அவளுடைய தினசரி வேலையாயிற்று. அந்தக் கையால் பெயிண்ட் விலகும் என்று மாமியாருக்குத் தெரியாது.

சத்தம் கேட்டு ஷெட்டு வாசல்வரை வந்த மாமியார், படியேறாமல் நின்றபடியே கேட்டாள்: "என் புருஷன் கை வெச்ச எடத்துல உனக்கு வெளையாட்டா? பயம்னா பயம்னு சொல்லு... செத்தவரை ஏன்டி இழுக்கறே?"

கணவனின் பேச்சையாவது தாங்கிக்கொண்டாள், இதைத் தாங்க முடியவில்லை. யாருக்காக வாயைக் கட்டிக்கொண்டு நின்றாளோ அவளே கேட்டுவிட்டாள்.

உன் அண்ணன் வீட்டுக்குப் போய் இரு, பாப்பா இங்கேயே இருக்கட்டும் என்று அவன் சொல்லிவிட்டான். தான் இல்லாத நேரத்தில் மகளை அந்தப் படகில் ஏற்றிவிடுவான் என்ற நினைப்பிலேயே அவள் ஒரே துணியைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். மகள் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள்.

மாமியார் மட்டும் ஷெட்டு வாசலை விட்டு நகரவில்லை. பிறகு அவளே சொன்னதுதான் இது: ஒருவேளை நிஜமாகவே கணவரின் கைதானோ, ஒருமுறை பார்த்துவிடலாம் என்று உள்ளே போனாளாம். பகல் வெளிச்சத்தில் அந்தப் படகை அவள் பார்த்து எத்தனையோ வருஷம். சுண்டுவிரல் வெளிப்பக்கம் கோணியிருந்தது. கதவில் நசுங்கிய தன் விரலை அவளுக்குத் தெரியாதா? கையை வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது.

காலை இழுத்துக்கொண்டு அறைக்குள் வந்தவள் மகனை ஒதுக்கிவிட்டு நின்றாள்.

"அது உங்கப்பா கை இல்லடா... என் கை. தினம் போறேன். நீ அறுத்தாலும் அறு, இவளை அனுப்பாதே."

பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். "சாவியைத் துடைச்சு வெக்கறது யாருன்னு இன்னிக்குத்தான் புரியுது. வாயைத் திறந்திருக்கலாமேடி..."

"சொன்னா படகை அறுத்துடுவார் அத்தை. அப்புறம் நீங்க எங்க போய்ப் பேசுவீங்க?"

மாமியார் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். தைல நெடி மூக்கில் ஏறியது. மருமகளும் அதுவரை அடக்கி வைத்ததையெல்லாம் அந்தத் தோளில் அழுது தீர்த்தாள். அம்மாவையும் இழந்துவிடுவேனோ என்ற பயத்தில் அன்று படகை அறுப்பேன் என்று சொல்லிவிட்டேன் என்று முணுமுணுத்த கணவனால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மகளை இறக்கிவிட்டு, பெட்டியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப வைத்தான். எல்லாமே தப்புத் தப்பான மடிப்பு.

"எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு," என்றாள் அவள்.

"எனக்கும்தான்," என்றான்.

பெயிண்ட் கரைக்கும் தின்னரால் அந்த இடத்தின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுத்து மறுபடியும் தேய்த்து வைத்தான். மறுநாள் விடியுமுன் சாவியை எடுக்க வந்த மாமியார், அடுப்படியில் விளக்கு எரிவதைப் பார்த்துத் தயங்கினாள். மருமகள் அவள் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். விரல் இடுக்கெல்லாம் சோப்புப் போட்டு, தைல வாசனை போகும்வரை கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டாள். பிறகு ஷெட்டைத் திறந்து விளக்கைப் போட்டாள்.

"இப்பத் தொடுங்க, அத்தை."

மாமியார் உடனே தொடவில்லை. மருமகளின் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டு, "உங்க மருமக வந்திருக்கா," என்று படகிடம் சொன்னாள்.

அன்று மாலை அடித்த பெயிண்ட் எங்கேயும் விலகவில்லை.