இருநூறு புறாக்களும் ஒரு ரொட்டி வரிசையும்

ரொட்டி இருக்க வேண்டிய இடத்தில் புறாக்கள் இருந்தன.

ரத்வா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மடிக்கணினித் திரை நிறைய இருநூறு புறாக்கள்... அத்தனையும் அவளையே முறைத்துக்கொண்டிருந்தன.

வெளியே அலெக்ஸாந்திரியாவின் ஜனவரிப் புயல். அன்ஃபூஷிப் பகுதியில் கடல், சாலையைத் தாண்டி, காப்பிக் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மூன்றாவது மேஜையில் ஒரு மடவை மீன் வந்து விழுந்தது. என்ன வேண்டும் என்று கடைக்காரர் அதனிடமும் கேட்டார். நான் அங்கேதான் இருந்தேன். மிகைப்படுத்தும் பழக்கம் எனக்கில்லை. மீன் பதில் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்ச்சாரியில் ஹாஜி ஷெஹாத்தாவின் ரொட்டிக் கடை. மழையானாலும் வெயிலானாலும் தெருமுனை வரை வரிசை நிற்கும். வீட்டிலிருந்தே எண் வாங்கிக்கொண்டு, முறை வந்ததும் வந்தால் போதும் என்று ஒரு செயலி செய்திருந்தாள் ரத்வா. அதையும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமானையும் கன்டெய்னர் என்ற ஒரே மென்பொருள் மூட்டையாகக் கட்டி, கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளுக்கு, ஏற்றியிருந்தாள். சர்வர் எங்கே என்று அங்கே யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆள் வந்தால் செயலி எழும், கூட்டம் வந்தால் தானே பெருகும், யாரும் வராவிட்டால் தூங்கும்.

நாலு மணிக்கு ஹாஜி அதைப் பார்க்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால், ஞாயிறு முதல் மாமாவின் அலுவலகத்தில் கோப்பு அடுக்கப் போவதாக அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

மணி மூன்று இருபது. மறுபடி ஏற்றினாள். ரொட்டி வந்தது. மூச்சு வந்தது.

பின் மேஜையிலிருந்து ஒரு குரல். "என் புறாவெல்லாம் எங்க போச்சு?"

இரண்டே நிமிடம். அவள் திரையில் புறாக்கள். மறுபடி ஏற்றினாள்.

"யாருங்க இது... புறாக் கூட்டுல ரொட்டி சுடுறது?"

ரத்வா மெதுவாகத் திரும்பினாள். அவனும் நிமிர்ந்தான். மழையில் நனைந்த புருவம்... அதன் கீழே, புயல் வருவதற்கு முந்தைய கடலின் நிறத்தில் இரண்டு கண்கள். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணாலா, புறாவாலா என்று அப்போது தெரியவில்லை.

"நீங்க அந்தக் கிளவுட் பயிற்சி வகுப்புல சேர்ந்தவரா?" என்றாள்.

"ஆமா. நான் தைமூர், சனிக்கிழமை வகுப்பு. நீங்க?"

"ரத்வா. செவ்வாய்க்கிழமை."

வகுப்பு நடத்தியவர்கள் எல்லாருக்கும் ஒரே பொதுக் கணக்கைக் கொடுத்திருந்தார்கள். பாடத்தில் செயலிக்கு மாதிரியாகப் போட்டிருந்த பெயர் 'வணக்கம்'. அதை மாற்றுங்கள் என்று பாடத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தது. கடைசி வரியை யார் படிக்கிறார்கள்? ஒரே பெயர், ஒரே முகவரி... யார் கடைசியில் ஏற்றினாரோ அவர் பக்கம்தான் தெரியும்.

"பேரை மாத்திக்கோங்க," என்றாள்.

"நீங்க மாத்துங்களேன், இன்ஜினியரம்மா. புறா விக்கிறதுக்கு நான் செஞ்ச பக்கம் இது. புறாச் சந்தைச் சுவர்ல முகவரிய எழுதி வச்சாச்சு. எண்ணெய்ப் பெயின்ட்டு."

"நாலு மணிக்கு வீட்டுலருந்தே எண் வாங்குங்கன்னு நானூறு அட்டை அடிச்சு வீடு வீடாக் கொடுத்துட்டேன். இன்னிக்கு நாலு மணிக்கு எனக்கு வாழ்வா சாவா. உங்க புறாவுக்கு என்ன அவசரம்?"

"புறா வளர்க்கிறவங்க வழக்கம் தெரியுமா? நம்ம கூட்டுல வந்து இறங்கினது நம்மளுது. திருப்பித் தர மாட்டோம். நீங்கதான் என் கூட்டுல வந்து இறங்கியிருக்கீங்க."

"நான் ஒண்ணும் புறா இல்ல."

"கோபப்பட்டா கழுத்து அப்படித்தான் மினுங்குது..."

காது சூடாகத் திரும்பிக்கொண்டு, பதிலுக்கு ஏற்றினாள். அவனும் ஏற்றினான். ரொட்டி... புறா... ரொட்டி... புறா. பதினோரு முறை. பன்னிரண்டாவது முறைக்கு அவள் விரலைத் தூக்கியபோது தெருவில் மின்சாரமே இல்லாததும், தன் மடிக்கணினியில் சார்ஜ் தீர்ந்ததும் தெரிந்தது. கறுத்த திரையில் தெரிந்தது அவள் முகம் மட்டும்.

முகவரியில் புறாக்கள். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

'கேட்டுப் பார்க்கலாமா... அந்தக் கண்ணைப் பார்த்துக் கெஞ்சவா?' மாட்டாள். கோப்பு அடுக்கினாலும் அடுக்குவாள். எழுந்து மழையில் இறங்கி நடந்தாள்.

ரொட்டிக் கடை வாசலில் ஒரு ஈகூட இல்லை. ஹாஜி ஷெஹாத்தா வெளிறிப்போய் நின்றார்.

"ரத்வா, இங்க வாம்மா. முப்பத்தொரு வருஷத்துல என் வாசல் காலியா இருந்து பார்த்ததே இல்ல. நான் செத்துட்டேனா? மறைக்காம சொல்லு."

மணி நாலானதும் அவர் கைபேசியில் முகவரியைத் திறந்தாள். தூங்கும் செயலி எழ நேரமாகும்; முதலில் வருபவர் காத்திருக்க வேண்டும். ஆனால் காத்திருக்கவில்லை... சட்டென்று வந்தது.

ரொட்டி.

இருநூற்றுப் பதினெட்டுப் பேர், மழை படாமல், வீட்டிலிருந்தே வரிசையில் நின்றார்கள்.

"அப்போ நான் சாகல," என்றார் ஹாஜி. "நாளைக்கும் இதையே வையும்மா. என் ஆயுசு முழுக்க வை."

அவளுக்கு அது காதில் விழவே இல்லை. பட்டியலில் எண் ஒன்று: தைமூர். மூன்று ஐம்பத்தேழுக்கு.

"எண் ஒண்ணு, வந்தாச்சு," என்றது வாசலில் ஒரு குரல்.

தலையிலிருந்து சொட்டச் சொட்ட நின்றான். மடிக்கணினியைச் சட்டைக்குள் வைத்திருந்தான்.

"நீங்களா... எப்படி?"

"நாம ஏத்தின பழைய பதிப்பெல்லாம் கிளவுட்லயேதான் இருக்கு. ஒரு வரிக் கட்டளைதான். உங்களுதுக்குத் திருப்பி விட்டேன். புறாவுக்கு வேற பேர் வச்சுட்டேன். அப்புறம்... செயலி தூங்கிட்டிருந்தா ஹாஜி முன்னால உங்களுக்குச் சங்கடமாயிடுமேன்னு, முதல் ஆளா எண் வாங்கி அதை எழுப்பி விட்டேன்."

"சுவர்ல எழுதினது?"

"மழை அழிச்சிருச்சு."

"எண்ணெய்ப் பெயின்ட்டையா?"

அவன் கடலைப் பார்த்தான். புயல் அதிகம் என்றான். அரசுக் கணக்குப்படி அன்று புயல் நடுத்தரம்தான்.

ரத்வா சூடான ஐந்து ரொட்டிகளைக் காகிதத்தில் சுற்றினாள். கொடுக்கவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"கூட்டுல வந்து இறங்கினத திருப்பித் தர மாட்டோம்னு சொன்னீங்களே. ஏன் விட்டீங்க?"

"நான் எங்க விட்டேன்..." அவன் குரல் மழையைவிட மெல்ல இறங்கியது. "நான்தான் வந்து இறங்கியிருக்கேன், ரத்வா. உங்க கூட்டுல."

ஹாஜி ஷெஹாத்தா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் ரொட்டியை நீட்டினாள். அவன் விரல் பட்டது. அவள் கையை எடுக்கவில்லை.

"வழக்கம் தெரியும்ல," என்றாள், அந்தக் கடல் நிறக் கண்களைப் பார்த்து. "நானும் திருப்பித் தர மாட்டேன்."