நான்காவது பேனலில் ஒரு பிணம்

சோலார் பேனல் மேல் மல்லாக்கக் கிடந்தது பிணம்.

வீட்டுக்காரர்தான். மொட்டை மாடிக்கே காவல் மாதிரி பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர், ஈரத்துணி.

"ஷாக்," என்றார் இன்ஸ்பெக்டர். "இதை மாட்டினது யாரு?"

"நான்தான் சார்," என்றான் ஒயர். சோலார் எலக்ட்ரீஷியன். பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்து பல வருஷமாகிறது.

"அப்ப நீதான் உள்ளே போகணும்."



செத்தவரின் மைத்துனர் மூக்கைச் சிந்தினார். டீசல் ஜெனரேட்டர் கடைக்காரர்.

"பன்னெண்டு மணி வரைக்கும் கீழே என்கூடத்தான் சார் பேசிட்டிருந்தார். பேனலைக் கழுவிட்டு வர்றேன்னு மேல போனார். ஒரே அலறல்... அப்பவே சொன்னேன். வெயிலை நம்பாதீங்க மாமா, டீசலை நம்புங்கன்னு."

ஒயர் பக்கெட்டையே பார்த்தான்.

உச்சி வெயில். கண்ணாடியில் கை வைத்தால் தோல் உரியும்.

"சார்... இவர் விடியக்காலைலதான் கழுவுவார். சூட்டுக் கண்ணாடியில தண்ணி பட்டா விரிசல் விட்டுடும். ரெண்டு வருஷமா ஒருநாள்கூட மாத்தினதில்லை."

"இன்னிக்கு மாத்திட்டார்," என்றார் மைத்துனர். "உனக்கென்ன?"

எனக்கென்னவா? கம்பி எண்ணப் போறவன் நான்தானே!

ஒயர் மொபைலை நீட்டினான். திரையில் ஒரு கிராஃப்.

"எந்தப் பேனல் எப்ப எவ்வளவு கரண்ட் கொடுத்ததுன்னு இதுல பதிவாகும் சார். நிழல் விழுந்தா இறங்கிடும். இவர் கிடக்கிற நாலாவது பேனலைப் பாருங்க. பதினொன்னு பத்துக்குப் படுத்தது, இன்னும் எந்திரிக்கலை." மைத்துனர் பக்கம் திரும்பினான். "பன்னெண்டு மணி வரைக்கும் உங்ககூடப் பேசினது யாருங்க, ஆவியா?"

"பதினொன்னு பத்தா?" மைத்துனர் எகிறினார். "சுத்தப் பொய்! நான் தூக்கிட்டு வந்து போட்டப்பவே மணி பதினொன்னரை..."

பாதியில் வாய் நின்றது.

"அடப்பாவி," என்றார் இன்ஸ்பெக்டர். "எதுக்குய்யா?"

"இவரைப் பார்த்துத் தெருவே சோலாருக்கு மாறுது சார். ஒரு ஜெனரேட்டர் நகரலை. சோலார்ல ஒரு சாவு விழுந்தா ஜனங்க பயப்படும்னு... பின்மண்டையில ஒரே ஒரு அடிதான்..."

விலங்கு மாட்டிக் கீழே அனுப்பினார்கள்.

"அந்த கிராஃபை எனக்கு அனுப்பு," என்றார் இன்ஸ்பெக்டர். "கோர்ட்ல காட்டணும்."

ஒயர் தலையைச் சொறிந்தான்.

"அது... இந்த வீட்டுது இல்லை சார். இங்க நெட் கட்டாகி ஒரு வாரமாச்சு."

"அப்ப யார் வீட்டுது?"

"என் மாமியார் வீட்டுது. தினம் பதினொன்னு பத்துக்கு நாலாவது பேனல் மேல போர்வையைக் காயப் போடுவாங்க. எத்தனை தடவை சொன்னாலும் கேக்கிறதில்லை."

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இனிமே சொல்லாதே. போர்வை நல்லாக் காயட்டும்!"