ஒரே ஒரு பிரதி

"என் நாவலை என்ன பண்ணீங்க?"

மழைச் சத்தத்தையும் மீறி அவள் குரல் அந்தச் சின்னக் கணினிக் கடையை அதிரவைத்தது. பென் டிரைவைக் கொடுத்து முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கல்லூரி நாளில் அவள் தட்டச்சு செய்த காதல் கதை, திரையில் கோழிக் கிறுக்கலாக நின்றது. நாளை மாலை ஐந்து மணிக்குப் பதிப்பகத்தில் கொடுத்தாக வேண்டும். வேறு பிரதி கிடையாது.

பழுது பார்ப்பவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... இவ்வளவு அமைதியான கண் உள்ளவனை நம்பவே கூடாது என்று நினைத்தாள். வீட்டில் தங்கை அவளைச் சும்மாவா சிஐடி என்று கூப்பிடுகிறாள்?

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. கம்ப்யூட்டருக்கு எழுத்தே தெரியாது, நம்பர்தான் தெரியும். உங்க பழைய ஃபான்ட்ல நூத்தி எழுபத்தொண்ணுன்னா ஒரு எழுத்து. இப்போ அதே நம்பருக்கு வேற எழுத்து. நம்பரெல்லாம் பத்திரமா இருக்கு. எது எந்த எழுத்துன்னு ஒரு பட்டியல் போட்டா போதும்."

"அப்போ என் கதைய நீங்க படிப்பீங்க?"

"படிக்காம எப்படிங்க..."

"படிக்கக் கூடாது! நாளைக்கு அது உங்க பேர்ல வந்துட்டா?"

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "சரி, நம்பரை மட்டும் பார்க்கறேன். முதல் அத்தியாயம் மனப்பாடமா இருக்கும்ல? நீங்க சொல்லுங்க, நான் பொருத்தறேன்."

அப்போதுதான் தன் சாமர்த்தியத்தின் லட்சணம் அவளுக்கு உறைத்தது. பார்க்கவே கூடாது என்றவள், இப்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்! "அவன்... அவள் விரலை... மெல்லத் தொட்டான்" என்றபோது காதுவரை சூடேறியது. அவன் எண்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒரு மணி நேரத்தில் கிறுக்கல் கதையாகத் திரும்பியது.

"பழசு மேலயே சேமிங்க. ஒரே ஒரு பிரதிதான் இருக்கணும். உங்க மெஷின்ல இருக்கறத இப்பவே அழிங்க."

அழித்தான். நன்றிகூடச் சொல்லாமல் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் மதியம், தொப்பலாக நனைந்து அதே வாசலில் நின்றாள். காலையில் ஒரு வார்த்தையைத் திருத்தினாள். கணினி ஏதோ கேட்டது. புரியாமல், பழைய முறையிலேயே சேமி என்று அழுத்திவிட்டாள். முந்நூறு பக்கமும் வெறும் கேள்விக்குறி!

கடவுளே... இவன் திருடனாகவே இருக்கட்டும்...

"உண்மையச் சொல்லுங்க. ஒரு பிரதி ஒளிச்சு வெச்சிருக்கீங்கதானே?"

"இல்லைங்க. நீங்க பார்க்கத்தானே அழிச்சேன்."

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் பதறிப்போனான்.

"அய்யோ, அழாதீங்க! என்கிட்டதான் இல்ல. உங்க பென் டிரைவ்லயே மறைவா ஒரு ஃபோல்டர் இருக்கு. பிரதி எடுக்காம நான் எந்த வேலையையும் முடிக்கறதில்ல... எடுத்ததை உங்ககிட்டயே விட்டுட்டேன்."

இரண்டு தட்டலில் முந்நூறு பக்கமும் வந்து நின்றன. அவளுக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"இத நேத்தே சொல்றதுக்கென்ன?"

முதல் முறையாக அந்தக் கண்கள் தடுமாறின.

"சொல்லியிருந்தா... நீங்க எதுக்குத் திரும்பி வரப்போறீங்க? நேத்து நீங்க கதை சொன்னப்பவே... உங்கள எனக்குப் பிடிச்சுப்போச்சுங்க."

"பார்த்தீங்களா! நான் சந்தேகப்பட்டது சரிதான்!"

கன்னத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மணி மூன்றரை.

"எனக்கும் உங்களப் பிடிச்சிருக்கு. ஆனா நம்பிக்கை மட்டும் இன்னும் வரல. கடையப் பூட்டிட்டு என்கூடப் பதிப்பகத்துக்கு வாங்க... உங்களத் தனியா விட்டுட்டுப் போக எனக்குத் தைரியம் இல்ல."