வரையாமல் விட்ட கைகள்

கண்ணாடியில் தெரிந்த நாற்காலியின் மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது. சைகல் திரும்பிக் கான்வாஸைப் பார்த்தாள். அவள் வரைந்த நாற்காலி காலியாகவே இருந்தது. அப்படியொரு நிழலை அவள் தீட்டவேயில்லை.

படத்துக்கு முதுகைக் காட்டி நின்று அதைக் கண்ணாடியில் பார்ப்பது எண்ணெய் ஓவியக்காரர்களின் பழக்கம். நாள்கணக்காகப் பார்த்துக் கண் மரத்துப்போன பிழையெல்லாம் இடவலம் மாறியதும் பளிச்சென்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் இன்று மதியம் கண்ணாடியின் மேலிருந்த துணியை அவிழ்த்தாள். அக்கா புருல்சா இதே அறையில் இறந்து பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. துக்கத்துக்கு வந்த பெண்கள் அக்காவின் தலைத்துணியாலேயே கண்ணாடியை மூடிக் கட்டி, நாற்பது நாள் முடியாமல் யாரும் அவிழ்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நாளைக்குக் கண்காட்சி வைத்திருப்பவள் இவளல்லவா?

போன் அடித்தது. காட்சிக்கூடத்து எர்மெக்.

"அக்கா, அஞ்சு மணிக்கு வண்டியோட வர்றேன். போன தடவை மாதிரி ஈரம் காயாம குடுத்து, பாதிப் படத்த என் கோட்டுல ஒட்டி அனுப்பாதீங்க."

"அதுக்கப்புறம்தான்டா உன் கோட்டே பாக்குற மாதிரி இருந்துச்சு."

"சிரிக்காதீங்க. நடுச்சுவரு உங்களுக்குத்தான்னு எல்லார்கிட்டயும் சண்ட போட்டு வச்சிருக்கேன். இன்னிக்குப் படம் வரலைன்னா அது கைவிட்டுப் போயிடும்க்கா."

பிஷ்கெக்கில் இருபது வருடமாக ஓரச் சுவர்களிலேயே தொங்கியவள் அவள். அந்த நடுச்சுவருக்காகத்தான் போன வாரம் படத்தையே மாற்றினாள்.

இந்தப் படத்துக்காக அந்த நாற்காலியில் ஆறு வாரம் உட்கார்ந்திருந்தது புருல்சா. நோயோடு, கழுத்தில் கிராம்பு மாலையோடு, ஆடாமல் அசையாமல் உட்காருவாள். கை வரைவதென்றாலே சைகலுக்குத் தகராறு. கரிக்கோட்டோடு நிறுத்திவிட்டு, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். "என் கைய எப்பத்தான்டி வரையப் போற? கையில்லாதவளா என்னத் தொங்க விட்டுடாத, ஊரே சிரிக்கும்" என்று அக்கா முதலில் கேலியாகக் கேட்டாள். கடைசி வாரம் கேலியில்லாமல் கேட்டாள். அவள் போன பிறகு முகமும் சரியாக வரவில்லை. போன வாரம் சைகல் கத்தியை எடுத்து அக்காவை முழுக்கச் சுரண்டி வழித்துவிட்டு, அந்த இடத்தில் காலி நாற்காலியைத் தீட்டினாள். அழுதுகொண்டேதான் செய்தாள்.

கண்ணாடியில் அழுக்காக இருக்கும் என்று துணியால் அழுத்தித் துடைத்தாள். வெளியே ஜனவரி வெளிச்சம் நிலக்கரிப் புகையில் கலங்கி நேரத்தோடேயே மங்கிக்கொண்டிருந்தது. வெப்பக் குழாய்க்குள் தண்ணீர் களக் களக்கென்று ஓடி, நின்று, மறுபடி ஓடியது. வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் நெடி தொண்டையில் கசந்தது. நிமிர்ந்து பார்த்தாள். நிழலுக்குத் தோள்கள் இருந்தன.

திரும்பினாள். கான்வாஸில் காலி நாற்காலி.

மறுபடி கண்ணாடி. தோளுக்கு மேல் தலை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கத்தி இழுத்த கோடுகள்.

"தூக்கமில்ல, அதான்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். தன் குரலைக் கேட்டுத் தானே பயந்தாள். தரையில் கிடந்த தலைத்துணியைப் பொறுக்கி, கண்ணைத் தாழ்த்தியபடியே கண்ணாடியை மூடப் போனாள். துணி நழுவியது. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டாள்.

கண்ணாடியிலும் நாற்காலி காலி.

அப்பாடா என்றிருந்தது. கீழே உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தாள். மணி அஞ்சாகப் போகிறது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. எழுந்து கான்வாஸின் முன்னால் நின்று, தூரிகையைப் பழுப்பில் தோய்த்தாள். முதல் எழுத்துக்காகக் கையை உயர்த்தினாள்.

கிராம்பு வாசனை.

கை அந்தரத்தில் நின்றது. இவ்வளவு நேரம் கண்ணாடிக்குள் அந்த நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இப்போது இல்லை.

எழுந்துவிட்டாள்.

பின்னால் பலகை கிறீச்சிட்டது. ஒரு முறை. இன்னும் பக்கத்தில், ஒரு முறை. பிடரியில் குளிர். இடது தோளில் ஒரு பாரம். சைகல் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

வாசல் மணி அடித்தது. "அக்கா! அஞ்சாச்சு! படம் ரெடியா?"

தோளைத் தாண்டி மெல்ல ஒரு கை முன்னால் வந்தது. அதன் நிறம், தீட்டாத கான்வாஸின் வெறும் வெள்ளை. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் கரிக்கோடுகள் மட்டும். தூரிகையின் நுனிக்கு நேராக வந்து நின்று, அந்த ஆறு வாரமும் இருந்த மாதிரியே, ஆடாமல் அசையாமல் அது காத்திருந்தது.