கனெக்டர் இழுத்துவந்த புள்ளி

போன் அலறியது.

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரப் போலீஸ் சார்ஜென்ட் மரீ கோக்லன், பாதி கடித்த சாசேஜ் ரோலை வைத்துவிட்டு எடுத்தாள்.

மாங்குரோவ் ஓடையில் பிணம்!

குளிர்பதன லாரி கம்பெனியின் முதலாளி டோரீன் பாஸ்க். மண்டையில் அடி. ஓடையில் இருந்த முதலைகள்கூட அவளைத் தொடவில்லை... அவளிடம் சம்பள உயர்வு கேட்டவர்களுக்கு அதில் ஆச்சரியமில்லை.

கம்பெனி அலுவலகத்தில் சுவர் முழுக்க ஒரு திரை. வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி. சூரியனையே தான் கண்டுபிடித்ததுபோல் அதன் முன்னால் நின்றான் கம்ப்யூட்டர் நிர்வாகி பிரென்ட்.

"நேத்து சாயங்காலம் ஓடைகிட்ட நின்ன லாரி இதுதான் மேடம். டெவிட்டா ஓட்டறது."

டோங்கா நாட்டு டிரைவர் டெவிட்டாவின் கையில் ஏற்கெனவே விலங்கு.

"ஓடைப் பாலத்துக்குக் கீழ பாரமுண்டி மீன் பிடிக்கப் போனேன் சார்ஜென்ட். மீன் மாட்டல, நான் மாட்டிக்கிட்டேன். விசா போயிடும். பொண்டாட்டி புள்ளைங்களோட நாட்டை விட்டே அனுப்பிடுவாங்க."

"இந்தப் புள்ளி எப்படி வருது?" மரீ கேட்டாள்.

பிரென்ட் மலர்ந்தான்.

"வண்டிக்கு வண்டி ஒரு கருவி. எங்க நிக்குதுன்னு அது கருவி வித்த கம்பெனிக்குச் சொல்லும். அவங்க சர்வர்ல ஏபிஐன்னு ஒரு வாசல். கனெக்டர்னு ஒரு ரெடிமேட் புரோகிராம் அடிக்கடி அந்த வாசலைத் தட்டி, இருக்கறதை எல்லாம் இழுத்துட்டு வந்து இங்க கொட்டும். நான் ஒரு வரிகூட எழுதல."

"அதுக்கா சம்பளம்?"

"டோரீனும் இதையேதான்..." நிறுத்திக்கொண்டான்.

"யார் தட்டினாலும் திறந்துடுவாங்களா?"

"லாகின் வேணும். கம்பெனிக்குன்னு தனியா ஆரம்பிக்கச் சோம்பல். என் சொந்த லாகினைக் குடுத்தேன். 'எல்லாத்துக்கும் அனுமதி'ன்னு ஒரே தட்டு!"

"டெவிட்டா வண்டி மட்டும்தான் தெரியுது. மத்த வண்டிங்க?"

"தாராளமா." பெருமையாகத் தட்டினான்.

மற்ற லாரிகள் டிப்போவில் தூங்கின. டெவிட்டாவின் புள்ளி பாலத்தடியில். ஆனால் பிணம் கிடந்த இடத்திலேயே இன்னொரு புள்ளி! அதன்மேல் ஒரு பெயர்... 'பிரென்ட்டின் செல்லம்'.

"யாரோட செல்லம் இது?"

டெவிட்டா முதல்முறையாகச் சிரித்தான். "ஐயாவோட சொந்த வண்டி. யாராவது திருடிடப் போறாங்கன்னு அதே கருவியை மாட்டி வச்சிருக்கார்."

பிரென்ட்டுக்கு வியர்த்தது. "அதைத்தான் நேத்தே அழிச்சுட்டேனே..."

"கருவி வித்தவங்க சர்வர்ல அழிச்சீங்க. அதுக்குள்ள உங்க கனெக்டர் இங்க இழுத்துட்டு வந்துடுச்சு. அனுமதிதான் எல்லாத்துக்கும் ஆச்சே."

அவன் நாற்காலியில் சரிந்தான். "ரெடிமேட் இருக்கறப்போ நீ எதுக்குன்னு டோரீன் கேட்டாளே மேடம்..."

விலங்கு கை மாறியது. டெவிட்டா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போன் செய்தான். அழுதான்.

ஸ்டேஷனில் வாக்குமூலத்தைப் பிரென்ட்டிடம் நீட்டினாள் மரீ.

"கையெழுத்துப் போடுங்க. இந்தத் தடவையாவது எதுக்குச் சம்மதிக்கிறோம்னு படிச்சுட்டுப் போடுங்க."