தேநீர்த் தொட்டி

டீயின் முதல் வாயிலேயே நாக்கில் ஒரு முடி தட்டுப்பட்டது.

நீளமான நரைமுடி. கையேடு எழுதும் வேலைக்கான நேர்காணல்; எதிரே மேலாளர் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கிவைத்தாள். அது தொண்டையிலேயே நின்றது. முகம் சுளிக்க முடியுமா? "ஆபீஸ் சூழல் சரியில்ல" என்று இரண்டு வேலைகளை ஏற்கெனவே உதறியவள். காலையில் அக்கா சொல்லித்தான் அனுப்பினாள்: "இதையும் நொட்டை சொல்லிட்டு வந்தே, கதவைத் திறக்க மாட்டேன்டி. என் சோபாவே உன் ஷேப்புக்குக் குழிஞ்சிருச்சு!"

"இங்க எல்லாரும் ஒரே குடும்பம்மா. ஒரே டீதான்," என்றார் மேலாளர். "இதுவரைக்கும் ஒருத்தர்கூட வேலைய விட்டுப் போனதில்ல."

"அப்புறம் எப்படி சார் இடம் காலியாச்சு?"

சிரித்தார். அவர் வாயிலும் அதே டீயின் புளித்த வீச்சம்.

"சின்னப் பரீட்சைம்மா. நம்ம டீ மெஷினுக்கு ஒரு கையேடு எழுதிக் குடு."

அவர் கூட்டிப்போன ஜன்னலில்லாத சிற்றறையின் சுவரெல்லாம் மஞ்சள் பிசுக்கு வழிந்து காய்ந்திருக்க, திரிந்த பாலும் ஈரத் துணியும் வியர்த்த தலையும் கலந்த வாடை மூக்கில் அப்ப, மூலையில், மெஷின் என்று அவர் காட்டிய மார்பளவு உயர எவர்சில்வர் தொட்டி, சளி கட்டிய நெஞ்சைப்போலக் கரகரத்துக்கொண்டிருந்தது. கறை படிந்த கோப்பைகளோடு ஊழியர்கள் வரிசையில் நின்றார்கள்.

"இதைக் கழுவ மாட்டீங்களா?"

"ருசி போயிடும்க்கா."

"உள்ள என்ன ஊத்துவீங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மூடியை நாங்க தொடறதில்ல. அது எழுதுறவங்க வேலை."

தன் கையால் செய்துபார்க்காத எதையும் அவள் எழுதியதில்லை. அந்தத் தொழில் திமிர் இப்போதும் விடவில்லை.

மூடி பிசுபிசுத்தது. தூக்கினாள்.

தடித்த பாலாடை. அதில் முடி. கொத்துக் கொத்தாக நரைமுடி.

பக்கத்தில் தொங்கிய கரண்டியால் ஒதுக்கினாள்.

வெந்து ஊறிய முகம். பல்லிடுக்கில் ஒரு பேனா. கரகரத்தது அந்த முகம்தான். இமை பிரிந்தது.

"பாத்தியா? முன்ன எழுதினவங்களும் விட்டுப் போகல," என்றார் மேலாளர், பின்னால் கதவைச் சாத்தியபடி. "வேலை உனக்குத்தாம்மா."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. தொண்டையில் அந்த முடி. விரலைவிட்டுப் பிடித்தாள். இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது.

அவள் இழுக்க இழுக்க, தொட்டிக்குள் அந்தத் தலை மெல்ல ஆடியது.