கதவுக்கு ஒரு சொல்

மாடிப்படியிலிருந்து வாசலுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு தளக்கல் பெயர்ந்து கிடந்தது. பால்காரரோ கூரியர்காரரோ, யார் ஏறி வந்தாலும் அதை மிதிக்காமல் இந்த வாசலுக்கு வர முடியாது. மிதித்தால் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், உள்ளே இருப்பவர்கள் தலையைத் தூக்குவார்கள், அதற்கப்புறம்தான் கதவு தட்டப்படும். மழை விடாமல் பிடித்துக்கொண்ட அந்த மதியத்தில், ஈரத்துணி வாடையும் பினாயில் வாடையும் கலந்து கிடந்த கூடத்தில், கல் சத்தமே இல்லாமல் கதவு மட்டும் தட்டப்பட்டது.

“அம்மா, நான்தான். கதவைத் திற.”

அண்ணனின் குரல். சளி பிடித்தால் கொஞ்சம் கரகரக்குமே, அந்தக் கரகரப்புகூட அப்படியே இருந்தது.

“வந்துட்டான்டி!” அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள்.

“உட்காரும்மா நீ.” தங்கை கதவருகே போய் நின்றாள். “சொல்லு,” என்றாள் கதவைப் பார்த்து.

வெளியே மழைச் சத்தம் மட்டும். பிறகு, யோசித்துச் சொல்வதுபோல், “குடை.”

அவள் உள்ளறைக்கு ஓடினாள். கட்டிலின்மேல் அண்ணனின் பழைய லேப்டாப் திறந்து கிடந்தது. கறுப்புத் திரை, நடுவில் ஒரு கட்டம், கட்டத்தில் துடிக்கும் ஒரு கோடு. “கு... டை...” என்று முணுமுணுத்துக்கொண்டே இங்கிலீஷ் எழுத்தில் தட்டினாள். தப்பு.

முணுமுணுக்காமல் அவளுக்குத் தட்டச்சு வராது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கிற வேலை. ஒவ்வொரு எழுத்தும் வாய் வழியாகத்தான் விரலுக்குப் போகும். அதனால் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. “ஒரு நாள் இந்த வாயாலதான்டி கெடப்போறே,” என்று தலையில் குட்டுவான். அவள் அவனை முக்கால் என்பாள். அம்மா நல்ல வளர்த்தி. அவனோ அம்மாவின் தோளைத் தாண்டாதவன். அவனுக்குத் தலை துவட்ட அம்மா இன்னமும் குனிய வேண்டியிருந்தது.

கதவுக்குச் சொல் வைத்தவன் அவன்தான். ஒருநாள் சாயங்காலம் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் வாயில் பிஸ்கட். அப்போது வெளியே அவனுடைய குரலே கேட்டது: “அம்மா, நான்தான். கதவைத் திற.” அம்மா அவனையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் பாய்ந்து போய்த் திறந்தபோது வெளியே யாரும் இல்லை. “எவனோ விளையாடறான்,” என்று சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அவன் கண்வரை ஏறவில்லை. அன்றிலிருந்துதான் சட்டம்: யார் வந்தாலும், நானே வந்தாலும், சொல் கேட்காமல் தாழ்ப்பாளைத் தொடக் கூடாது. சொல்லைப் பிறகு தருவதாகச் சொன்னான்.

அடுத்த வாரம் ஒரு காலை, மேலே எவனாவது ஒளிந்திருக்கிறானா என்று மொட்டைமாடி வரை போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டினான். அவள் வேலையாக இருந்தாள். அவள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, அவள் உள்ளங்கையை விரித்து அதில் ஆள்காட்டி விரலால் அந்தச் சொல்லை எழுதினான். அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை. கெக்கெக்கே என்று சிரித்துக் கையை இழுத்துக்கொண்டாள். “சரி சரி, புரிஞ்சது போ.” என்ன புரிந்தது, மண்ணாங்கட்டி! அம்மாவின் வாயில் எதுவும் நிற்காது என்பதால்தான் எழுதிக் காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். “மறந்துட்டா இதுல போட்டுப் பாரு. திறந்தா அதுதான்,” என்று லேப்டாப்பைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனான்.

கல் ஒரு தடவை ‘டக்’ என்றது. அவனுக்காக அது மறுபடி பேசவே இல்லை.

போலீஸ் வந்து தேடியது. மொட்டைமாடிக் கதவின் பூட்டு துருவேறி, பல வருஷமாக யாரும் தொடாததுபோல் தொங்கியது. ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. கடந்த ஒரு வாரமாகத்தான் இந்தக் குரல், மதியமானால் வாசலில். கதவில் வெளியே பார்க்கத் துளை கிடையாது. அவள் எதை எதையோ கேட்டுப் பார்த்தாள். பிறந்தநாள், படித்த பள்ளி, அப்பா இறந்த வருஷம். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. சொல்லை மட்டும் அது ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. சரியானது எது என்று அவளுக்கே தெரியாதே! ஒருவேளை அவனேதானா, அடிபட்டு, புத்தி கலங்கி, தன் வீட்டு வாசலிலேயே நிற்கிறானா என்ற எண்ணம் அவளை அரித்துத் தின்றது. திறந்தாலும் பாவம், திறக்காவிட்டாலும் பாவம்.

லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிற அண்ணனின் நண்பர் போனிலேயே கையை விரித்துவிட்டார். “தங்கச்சி, சாதாரண பாஸ்வேர்டுன்னா அஞ்சு நிமிஷ வேலை. இது ஹார்ட்வேர் பாஸ்வேர்டும்மா. பூட்டு டிஸ்க்குக்குள்ளேயே இருக்கு. கழட்டி வேற மெஷின்ல மாட்டினாலும் வாயைத் திறக்காது. மூணு தடவை தப்பாப் போட்டா நின்னுடும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணி மறுபடி போடு. நீயா ஞாபகப்படுத்துறதைத் தவிர வேற வழியே இல்ல.”

கூடத்தில் அம்மா அழ ஆரம்பித்திருந்தாள். “பெத்த பிள்ளையை மழையில நிக்க வெச்சிருக்கேனே. உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாடி?”

“சொல் சரியில்லம்மா.”

“சரியானது எதுன்னு நீ சொல்லு, பார்ப்போம்.”

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டாள். உள்ளே விசிறி இழுத்து இழுத்துச் சுழன்றது. “ரே... டி... யோ...” தப்பு. “முக்... கால்...” தப்பு. போன வாரமே போட்டுப் பார்த்தவைதான். வெளியே, வெகு மெதுவாக, கதவின் மரத்தில் எதுவோ உரசியது. காதை வைத்தால் அப்படித்தான் உரசும்.

கண்ணை மூடிக்கொண்டு இடது கையை விரித்தாள். வலது கை ஆள்காட்டி விரலை அதில் வைத்தாள். அவன் விரல் நகர்ந்தது எப்படி? முதலில் வளைந்தது. அப்புறம் ஒரு புள்ளி, நகத்தால் குத்தினான். அப்புறம்? மணிக்கட்டுவரை இழுத்தானே ஒரு கோடு! சுழியை நீட்டிச் சுருட்டி, வால்போல. அங்கேதான் அவளுக்குக் கூச்சம் வந்தது. வால். அவனும் வேண்டுமென்றே இழுத்து, கண்ணைச் சிமிட்டினானே. வால்.

பூனை! பழைய வீட்டில் இருந்த பூனை. எதற்கெடுத்தாலும் வாதாடும். கதவைத் திறக்கும்வரை வெளியே நின்று கத்தும். அண்ணன் அதற்கு வைத்த பெயர்...

தட்டினாள். “வ... க்... கீ... ல்...”

கறுப்புத் திரை ஒரு கணம் அசையவில்லை. பிறகு டிஸ்க் முனகிச் சுழல ஆரம்பித்தது. வெளிச்சம் பரவியது. திரை முழுக்க அந்தப் பூனை, வாயைத் திறந்தபடி.

“அம்மா! கிடைச்சிடுச்சும்மா! வக்கீல்! வக்கீல்தான் அந்தச் சொல்!”

தொண்டை கிழியக் கத்தினாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது. இனி கேட்கலாம். இனி தெரிந்துவிடும். கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான், உதட்டில் விரலை வைத்த அண்ணனின் முகம் நினைவுக்கு வந்தது.

அம்மாவுக்காக இல்லை. அவன் பயந்தது அம்மாவின் வாய்க்கு இல்லை.

மழை நின்றுவிட்டதுபோல் இருந்தது. வீடு முழுக்க அப்படி ஒரு அமைதி.

வெளியே குரல் கேட்டது.

“வ... க்... கீ... ல்...”

அண்ணனின் குரல்தான். ஆனால் அந்த இழுப்பு அவளுடையது. எழுத்துக்கு எழுத்து விடுகிற மூச்சு, அவளுடையது.

“சொல்லிட்டான்டி!” அம்மாவின் கைத்தடி தரையில் விழுந்தது. “என் ராசா, சொல்லிட்டான்!”

“அம்மா, வேண்டாம்!”

எழுந்தாள். கால் சார்ஜர் வயரில் சிக்கியது. விழுந்தாள். முழங்கை இடித்தது. தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். கிறீச். கதவு திறக்கும் சத்தம்.

கல் பேசவில்லை.

தவழ்ந்து கூடத்துக்கு வந்தாள். அம்மா வாசலில், இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நிலைக்கு அப்பால் இருட்டு. மதியத்தில் அப்படி ஒரு இருட்டு. “எப்படிடா இளைச்சுப் போயிட்டே,” என்று அம்மா கொஞ்சினாள். பிள்ளையின் கன்னத்தைத் தொட இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கைகள் தோள்வரை உயர்ந்தன. அவள் தலையைத் தாண்டின. முட்டிவலிக்காரி, குதிகாலைத் தூக்கி, விரல்நுனியில் நின்று எட்டினாள். இன்னும் முகம் அகப்படவில்லை.

நிலைக்கும் மேலே, கூரையை ஒட்டிய இருட்டிலிருந்து, சளி பிடித்த குரல் அன்பாகச் சொன்னது: “அம்மா, நான்தான்.”